ஜாடிக்குள் இருப்பவர்கள்

பத்தொன்பது வருஷத்தில் என் அக்காவுக்கு நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. "என்னடா வேலை பாக்குற அங்க?" என்று ராம்பித் தீவிலிருந்து போனில் கேட்பாள். "மண்ணு, எலும்பு, எது குடுத்தாலும் அதுல என்னென்ன கலந்திருக்குன்னு பாத்துச் சொல்ற வேலைக்கா" என்பேன். எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்பதை மட்டும் விட்டுவிடுவேன். அவளும் கேட்டதில்லை.

முட்டி ஆபரேஷனுக்காக நான் இருக்கும் ஹாமில்டனுக்கு வந்தவள், ஆறு வாரம் என் வீட்டு சோபாவை ஆண்டுகொண்டிருந்தாள். சனிக்கிழமை அவளுக்கு விமானம். வியாழக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல், ஊன்றுகோலோடு லேபுக்கு வந்து நின்றாள்.

"ஊருல போய்ச் சொல்லணும்ல, தம்பி எங்க உக்காந்திருக்கான்னு. மெஷினைக் காட்டு."

காட்டினேன். எனக்குப் பீற்றிக்கொள்வதில் ஆசை அதிகம். பீற்றிக்கொள்ள என்னிடம் இருப்பது அந்த மெஷின் ஒன்றுதான், அதுவும் பல்கலைக்கழகத்துடையது.

"எதைக் கரைச்சு ஊத்தினாலும் இது சொல்லிடும். தொல்லியல்காரங்க எலும்பு கொண்டு வருவாங்க, செத்தவர் எந்தக் கரையில வளந்தார்னு கேப்பாங்க. பல் டாக்டர் பல்லு. விவசாயி மண்ணு. மாட்டு டாக்டர் ஆட்டுக் கிட்னி. மலைக்கு வயசு கேக்கறவங்க கல்லு. ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியாது. ஆனா எல்லாருக்கும் கேள்வி ஒண்ணுதான். இதுல என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு?"

"அவ்வளவும் இதுக்கு எப்படிடா தெரியும்?"

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். புத்திசாலியாக இருந்தால் மூடியிருப்பேன்.

"இதுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. இதைவிட அதிகம், இதைவிடக் கம்மி, அவ்வளவுதான் சொல்லும். அதனால தெனமும் காலையில, உள்ளே என்ன இருக்குன்னு நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒண்ணை முதல்ல ஊட்டணும். அதை வெச்சுத்தான் மத்ததெல்லாம்."

"அது எது?"

ஊர்க்காரர் யாராவது வருகிறார் என்றால் அந்த ஜாடியை உப்பு டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளிவிடுவது என் வழக்கம். அன்று தள்ள நேரமில்லை. தராசுக்குப் பக்கத்தில் மூடி திறந்து, ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தது. பழுப்புக் கண்ணாடி. உள்ளே கடலைமாவு நிறத்தில் பொடி. லேபிளில் மைப்பேனா எழுத்து: ஓஷன் தீவு பாஸ்பேட். பூவாகொனிகாய். 1936.

ஓஷன் தீவு என்பது எங்கள் பனாபாவுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். அக்காவுக்கு முட்டிதான் கெட்டிருந்தது, கண் இல்லை.

"எந்தப் பூவாகொனிகாய்?" என்றாள்.

நியாயமான கேள்வி. நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்த ஊரும் பூவாகொனிகாய்தான், ஆனால் அது ராம்பியில் இருக்கிறது. இரண்டாம் உலகச் சண்டை முடிந்ததும் எங்கள் சனத்தைக் கப்பலில் ஏற்றி, ஆயிரம் மைலுக்கும் மேல் தள்ளி, ராம்பியில் கூடாரத்தில் இறக்கினார்கள். கூடவே எடுத்துவர முடிந்தது ஊர்ப்பெயர்களை மட்டும்தான். அவற்றை இறக்கி வைத்துக்கொண்டார்கள்.

"வருஷத்தைப் பாரு" என்றேன்.

பார்த்தாள். "அப்ப இது அம்மாவோட ஊரு."

"ம்."

"நம்ம நிலமா, பக்கத்து நிலமா?"

"அதெல்லாம் எழுதலக்கா."

"எழுதியிருக்க மாட்டான். ஸ்பூன் எதுக்கு?"

"கால் கிராம். தெனமும் காலையில. அமிலத்துல போட்டு..." மீதியைக் கையால் காட்டினேன். கை கரைவது போல ஏதோ செய்தது.

அக்கா ஊன்றுகோலைத் தரையில் ஒரு குத்துக் குத்தினாள். "எண்பது வருஷம் கம்பெனிக்காரன் தோண்டித் தோண்டி, கப்பல் கப்பலா ஏத்திட்டு வந்து, இந்த ஊரு மாடு திங்கற புல்லுக்கு உரமாத் தூவினான். எதையோ தப்பித் தவறி மிச்சம் வெச்சிட்டான்னு, நீ வந்து ஸ்பூனால தோண்டிட்டு இருக்கியா? சொந்த ஊரைத் தெனமும் ஆசிட்ல கரைச்ச சம்பளத்துலதான் எனக்கு முட்டி வெச்சியா? கழட்டுடா இதை! வேணாம் எனக்கு!"

முட்டியைக் கழற்றும் வசதி எங்கள் லேபில் இல்லை என்று சொல்ல வந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன்.

சத்தம் கேட்டு கர்ஸ்டன் வந்தாள். லேபின் தலைமை அவள்தான். கெட்டவள் இல்லை, என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் என்னை வீட்டுக்கு விரட்டுகிறவள். அக்காவின் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் கோபத்தில் நன்றாகவே ஓடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இந்த ஜாடி எனக்கு வேணும். சனிக்கிழமை கொண்டு போறேன். அம்மா அந்த ஊர்ல பொறந்தவ, ராம்பியில புதைச்சிருக்கோம். தலைமாட்டுல வைக்கணும்."

கர்ஸ்டன் பொறுமையாகத்தான் கேட்டாள். பிறகு பொறுமையாகத்தான் மறுத்தாள். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா முப்பது வருஷமா இங்க வந்த ஒவ்வொரு எண்ணும் இந்த ஜாடி மேலதான் நிக்குது. இது போச்சுன்னா அத்தனைக்கும் காலுக்குக் கீழ நிலம் இல்லாமப் போயிடும்."

"நிலம் இல்லாம எப்படி நிக்கறதுன்னு எங்களுக்குத் தெரியும். வாங்க, சொல்லித் தர்றேன்."

கர்ஸ்டன் என்னைப் பார்த்தாள். நான் தராசைப் பார்த்தேன். தராசு பூஜ்யத்தில் இருந்தது.

"சரி, ஒரு வழி இருக்கு" என்றாள். "லேபிலிருந்து எதையும் சும்மா வெளியே விட முடியாது. கழிவுன்னு எழுதினா விடலாம். கொஞ்சமா, ரெண்டு கிராம். இதுல காட்மியம்னு விஷ உலோகம் இருக்கு, துளி யுரேனியம்கூட இருக்கு, அதனால 'அபாயக் கழிவு'ன்னு படிவத்துல போடணும். வெறும் பேருக்குத்தான்."

"எது அபாயம்?" என்றாள் அக்கா.

"இந்தப் பொடிதான். பொதுவாவே, அந்தத் தீவு பாஸ்பேட்ல காட்மியம் ஜாஸ்தி. இங்க மேய்ச்சல் நிலத்துல எல்லாம் தங்கிடுச்சு. வயசான ஆட்டோட கிட்னியைக்கூட விக்கக் கூடாதுன்னு..."

"எங்க வீட்டை இடிச்சு எடுத்துட்டுப் போய், எங்க சுவத்துல கறை இருந்துச்சுன்னு எங்களையே சொல்றீங்களா?"

கர்ஸ்டனின் காது சிவந்தது. அப்போதுதான் அவள் ஒரு தப்பைச் செய்தாள். என் பக்கம் திரும்பி, மெதுவாக, "தெகோவா, நீயே அவங்களுக்கு எடுத்துச் சொல்லு. நீ விஷயம் தெரிஞ்சவன்" என்றாள்.

நான் சிரிப்புக்காரன். லேபில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் என்னைத்தான் பேசச் சொல்வார்கள். "எங்க ஊரு உங்க பால்ல இருக்கு, அதனால நீங்க எல்லாரும் எனக்குச் சொந்தம்" என்று நானே எத்தனை தடவை சொல்லி, நானே முதலில் சிரித்திருக்கிறேன். ஒருத்தராவது அழுதுவிடக் கூடாதே என்று. அந்த ஒரு வாக்கியத்தில் என் சிரிப்பெல்லாம் வற்றிப்போனது. விஷயம் தெரிந்தவன். ஆமாம், எனக்குத்தான் தெரியும். முதல் நாளே லேபிளைப் படித்தவன் நான். படித்துவிட்டு ஸ்பூனை எடுத்தவனும் நான்.

அலமாரியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெரியவர்கள் சிலர் இங்கே வந்தார்கள். தொல்லியல்காரர்கள் பரிசோதனைக்குக் கொடுத்த எலும்புகள் தங்கள் முன்னோர்களுடையவை என்றார்கள். மிச்சமிருந்த பொடியைக்கூட விடாமல் வாங்கிக்கொண்டு, பாடிக்கொண்டே போனார்கள். அதற்குப் பிறகு கர்ஸ்டன் தானே உட்கார்ந்து எழுதிய படிவம் இது: மனித எச்சங்களைக் குடும்பத்தாரிடம் திருப்பித் தருவதற்கு. குடும்பத்தார் ஒருவர் உரிமை கேட்டால் அன்றே அந்தப் பொருள் மேல் வேலை நிற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மேல்முறையீடு, கமிட்டி எதுவும் இல்லை. நல்ல படிவம். கோபத்தில் எழுதியிருப்பாள் போல.

பேனாவை எடுத்து நிரப்பினேன். ஊர்: பூவாகொனிகாய், பனாபா. குடும்பத்தார்: நே மரேவேயா, அதாவது என் அக்கா. 'எச்சத்தின் விவரம்' என்ற இடத்தில் 'அபா' என்று எழுதினேன்.

"என்ன இது? அபான்னா?" என்றாள் கர்ஸ்டன்.

"எங்க பாஷையில நிலத்துக்கும் அபாதான், சனத்துக்கும் அபாதான். ரெண்டுக்கும் தனித்தனி வார்த்தை எங்ககிட்ட இல்ல. தேவைப்படல."

"தெகோவா, இது மனுஷன் இல்ல. கல்லு."

"அப்படியா? நீங்க எழுதினதைப் படிக்கட்டுமா?" சுவரில் தொங்கிய லேபின் செய்முறை ஃபைலை இறக்கினேன். "'எலும்புப் பரிசோதனைக்கு இந்தப் பொடியே ஒப்பீடு. காரணம், இதன் சேர்மானம் மனித எலும்பின் சேர்மானத்துக்கு ஏறக்குறைய ஒன்றே. கால்சியம், பாஸ்பரஸ் விகிதத்தில் கருவி வேறுபாடு காண்பதில்லை.' கீழ கையெழுத்து உங்களோடது. கருவி வேறுபாடு காணலன்னா நான் எப்படிக் காணறது?"

"அது வேற அர்த்தத்துல..."

"எந்த அர்த்தத்துல? எலும்புக்காரங்க வந்தா இது எலும்பு. விவசாயி வந்தா இது உரம். மாட்டு டாக்டர் வந்தா இது விஷம். எங்கக்கா வந்தா மட்டும் கல்லா?"

என் குரல் இவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. வராந்தாவில் யாரோ கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. கர்ஸ்டன் ஃபைலை என் கையிலிருந்து வாங்கி, தன் வாக்கியத்தைத் தானே படித்தாள். ரெண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன்.

"கையெழுத்துப் போடுங்கன்னு நீ கேட்டிருக்கலாம்" என்றாள் கடைசியில். "இப்படி மடக்கணுமா?"

"இத்தனை வருஷத்துல ஒரு தடவை, 'தெகோவா, இது உங்க ஊராச்சே'ன்னு நீங்க கேட்டிருக்கலாம்."

அவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். பேனா காகிதத்தைக் கிழிக்காதது அதிசயம். ஜாடியை மூடி, துணியால் துடைத்து, ரெண்டு கையாலும் பிடித்து அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா வாங்கவில்லை. அவள் படிவத்தின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் எதையும் பின்பக்கம் வரை படிக்கிறவள் அவள்தான்.

"இங்க ஒண்ணு போட்டிருக்கு," என்றாள். "'எச்சத்தைக் கையாண்டவர்கள் குடும்பத்தாரின் முன் நின்று, தாங்கள் செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.'"

அந்த மாவோரிப் பெரியவர்கள் கேட்டுச் சேர்க்க வைத்த வரி அது. எனக்கு மறந்தே போயிருந்தது. மறந்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

"அக்கா, நான் உன் தம்பி..."

"நில்லு."

நின்றேன். வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள், வாசலுக்கு நேராக. ஐம்பத்து மூன்று வயசில், வெள்ளைக் கோட்டோடு, பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதற்கு முன்னால் நிற்பது போல.

"நான் தெகோவா," என்றேன். "பத்தொன்பது வருஷம், தெனமும் காலையில, அபாவை எடுத்து அமிலத்துல கரைச்சேன். என்னன்னு தெரிஞ்சே கரைச்சேன்."

"கேக்கல."

திரும்பச் சொன்னேன். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள்.

"இன்னும் சத்தமா. அம்மா தூரத்துல இருக்கா."

மூன்றாவது தடவை கத்தியே சொன்னேன். அக்கா என்னைத் தொடவில்லை, தேற்றவில்லை. அவள் முகத்தில் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. குறைந்திருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

கர்ஸ்டன் தானாகவே என் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் கர்ஸ்டன்," என்றாள். "முப்பது வருஷம் இவங்களை எடைபோட்டேன். யாருன்னு கேக்கல."

அதற்குப் பிறகுதான் அக்கா ஜாடியை வாங்கினாள். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு ஊன்றுகோலைத் தூக்கி வராந்தாவின் கோடியை நோக்கி நீட்டினாள். அங்கே எலும்புப் பெட்டியோடு தொல்லியல்காரர் ஒருவர் காத்திருந்தார். மண் பையோடு ஒரு விவசாயி. ஐஸ் டப்பாவில் ஆட்டுக் கிட்னியோடு மாட்டு டாக்டர். எல்லோரும் அந்த ஜாடியின் மேல் நிற்கும் எண்களுக்காக வந்தவர்கள்.

"அடுத்தது யாரு சொல்றீங்க?" என்றாள்.