மேடத்தின் நிறம்

அம்மா எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள். படத்தில் என் முகம் வராது என்று முன்பே சொல்லிவிட்டார்கள், பரவாயில்லை. கைக்குப் பிடி கிடைக்காத இடத்தில் இடது பாதத்தைத் திருப்பி வைத்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தானே நான் மேலே போவேன்? சீத்தாப்பழம் பறிக்கப் போன நாளிலிருந்து கீழே நின்று அதைப் பார்த்துத் திட்டியவள் அவள். முதுகைக் காட்டினால் போதும், தியேட்டரிலேயே சத்தம் போட்டுச் சொல்லிவிடுவாள்.

"கையை நீட்டும்மா," என்றார் மேக்கப் போடும் கமலக்கண்ணன்.

அம்மாவை நினைத்துக்கொண்டே கவிப்ரியா நீட்டினாள். ஈர ஸ்பாஞ்சு முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இறங்கியது. மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி கடத்தல்காரர்களைச் சிகரம் வரை துரத்திப் பிடிக்கும் படம். அதில் நடிக்க மும்பையிலிருந்து வந்திருந்த மேடத்துக்குத் தினமும் காலையில் கறுப்புப் பூசினார்கள். அந்தக் கறுப்பு கவிப்ரியாவின் கறுப்பை எட்டவில்லை. திரையில் இருவர் கையும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று, மேடத்துக்குப் பதிலாகப் பாறையில் ஏறுகிற இவளுக்கு வெளுப்புப் பூசினார்கள்.

ஊர்ப் பெண்களோடு கூட்டக் காட்சியில் உட்கார வந்திருந்த அம்மா ஜோதியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்புள்ள, உனக்கு வெள்ளையடிக்கறாங்களா? அப்பிடியே நம்ம ஊட்டுச் செவுத்துக்கும் ரெண்டு கை இழுக்கச் சொல்லு."

கமலக்கண்ணனே சிரித்துவிட்டார்.

பாறை சூடேறுவதற்குள் கவிப்ரியா ஏறி முடித்தாள். இடுப்பில் கயிறு இருந்தது, ஆனால் இழுத்துவிட யாரும் தேவைப்படவில்லை. வியர்வையில் பூச்சு கரைந்து விரல்கள் வழுக்கின. துடைத்துத் துடைத்துப் போனாள். இறங்கியதும் மேடம் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "சூப்பர், சூப்பர்," என்றாள். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை என்றுதான் கவிப்ரியாவுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகுதான் புரொடக்‌ஷன் மேனேஜர் ஜெகதீஷ் வந்தார். பின்னால் ஒருவர் வாளியில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தார்.

"கவி, ஒரு சின்ன வீடியோம்மா. மலைப் பொண்ணுங்களுக்கு எடம் குடுக்கற படம்னு யூடியூப்ல போடப்போறோம். மேடம் பக்கத்துல நீ நிக்கணும். பாறைல மேடமே ஏறினாங்க, நான் வழி மட்டும் காட்டுனேன்னு சொல்லு, போதும். கையக் கழுவிட்டு வா. இதுக்கு உன் சொந்தக் கலரே வேணும்."

அவள் வாளியைப் பார்த்தாள்.

"யோசிக்காத. மணாலில பனிமலை ஷெட்யூலுக்கு டைரக்டர் உன்னத்தான் சொல்லி வெச்சிருக்காரு. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கினேன்னா வேற பொண்ணத்தான் தேடுவாரு."

மத்திகிரியில் அறையெடுத்துத் தங்கி, ஓசூர் கம்பெனிக்குப் போய்வந்த நாட்கள் அவளுக்கு நினைவு வந்தன. வெளிநாட்டு ஆட்கள் பார்வையிட வரும் நாளில், கான்ட்ராக்ட் பெண்களுக்கு நிரந்தரத் தொழிலாளிகளின் நீலத் தொப்பியை மாட்டிவிடுவார்கள். யார் கேட்டாலும் 'நான் பர்மனென்ட்' என்று சொல்ல வேண்டும். அவளும் சொன்னாள். சொன்ன அன்று முழுக்க, உண்மையிலேயே ஆகிவிட்டது போல உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. சாயங்காலம் தொப்பியை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் வேலை இல்லை. இப்போதும் வேறு வேலை எதுவும் கையில் இல்லை.

பனி காலுக்கடியில் எப்படி இருக்கும் என்று நேற்றுத்தான் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"கழுவலண்ணா," என்றாள் மெதுவாக. "இருக்கட்டும்."

"கழுவாம எப்பிடி வீடியோ எடுக்கறது?"

"மேடம் பேசட்டுங்க. நான் ஏறினத, ஏறலேன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சுட்டண்ணா."

ஜெகதீஷ் கோபப்படவில்லை. கூட்டத்துப் பெண்கள் பக்கம் திரும்பி, "யாராவது ஒருத்தங்க வாங்கம்மா, ரெண்டு வார்த்தை சொல்லணும்," என்று கூப்பிட்டார். கேமராவையும் மேடத்தையும் பாறையடிக்குக் கொண்டுபோனார்கள். யாரோ ஒருத்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

கவிப்ரியா வாளியைத் தாண்டிப்போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே, கறுத்த பாறையில், கயிறு தொங்கிய வழி நெடுக அவள் பிடித்து ஏறிய இடமெல்லாம் கைத்தடங்கள் மேடத்தின் நிறத்தில் உச்சிவரை போயிருந்தன.