கால் படாத தாலி

எண்பத்துநாலாம் வருஷம் பென்னாகரத்தில் சர்க்கஸ் கூடாரம் போட்டபோது, சிங்கத்தைவிட அதிகக் கூட்டம் சேர்த்தவன் சின்னப்பன்தான். பிறவியிலேயே இரண்டு கையும் இல்லை. வாசலையொட்டிய சின்னக் கொட்டகையில் உட்கார்ந்து கால் விரலால் ஊசியில் நூல் கோர்ப்பான், சீட்டுக்கட்டைக் கலைப்பான், பீடி பற்றவைத்து ஸ்டைலாக ஊதுவான். சட்டைக்குள் கையை ஒளித்து வைத்திருக்கிறானா என்று தடவிப் பார்க்கவும் ஆள் வந்தது.

அப்பேர்ப்பட்டவன், மைதானத்து ஓரம் இட்லிக்கடை போட்டிருந்த மதலேனம்மாளின் மகள் வேளாங்கண்ணியிடம் மனசைப் பறிகொடுத்தான். அவளுக்கும் அவன் என்றால் உயிர். மதலேனம்மாளுக்கோ அவன் காலால் நீட்டும் காசைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் டப்பாவில் போடுவாள். கைக்கு அவன் எங்கே போவான்? அதை அந்த அம்மாளிடம் யார் சொல்வது!

மகள் பட்டினி கிடந்து அடம்பிடித்த பிறகுதான் தாய் இறங்கி வந்தாள். ஆனால் ஒரு கண்டிஷன்.

"எம் பொண்ணு கழுத்துல கால் படக்கூடாது. பட்டுச்சுன்னா அந்த நிமிசமே கல்யாணம் நின்னு போயிரும், ஆமா!"

சின்னப்பன் வேளாங்கண்ணியிடம் ஓடினான். தாலியை மாப்பிள்ளைதானே கட்ட வேண்டும்? வேளாங்கண்ணிதான் வழி சொன்னாள்.

"பல்லால கட்டுங்க. அவசரமே இல்லாம கட்டுங்க."

கூடாரக் கயிற்றில் பல்லால் முடிச்சுப் போட்டுப் பழகினான். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சு விழும் அளவுக்குத் தேறிவிட்டான்.

கல்யாணத்தன்று மாதா கோயில் கொள்ளாத கூட்டம். டிக்கெட் போடலாமா என்று சர்க்கஸ் மேனேஜர் பங்குச் சாமியாரிடமே கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். தோழிப்பெண் தாலிக்கயிற்றைக் கழுத்தைச் சுற்றிப் பின்னால் கொண்டுவந்து பிடித்தாள். சின்னப்பன் குனிந்து வேளாங்கண்ணியின் பிடரியில் முகத்தைப் புதைத்தான். புதைத்தவன் எடுக்கவில்லை. மீசை குத்தி அவள் நெளிந்தாள், களுக்கென்று சிரித்தாள். சாமியார் கூரையைப் பார்த்தார். பின்வரிசையில் எவனோ விசில் அடித்தான். முதல் முடிச்சே இன்னும் விழவில்லை.

மதலேனம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஊரே சிரிக்கிறதே, மானம் போகிறதே! பொறுக்க மாட்டாமல் எழுந்துவிட்டாள்.

"ஐயோ, போதுங்க மாப்ள! கால்லயே கட்டித் தொலைங்க!"

அவள் வாயில் மாப்ள என்று வந்தது அதுதான் முதல் தடவை. சின்னப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பீடத்தோரம் கிடந்த நாற்காலியை அவளே தூக்கிவந்து போட்டாள். அவன் உட்கார்ந்தான். வேளாங்கண்ணி முன்னால் முழங்காலிட்டாள். அவன் காலைத் தூக்கியதும் கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க," என்றாள் மாமியார்.