கொடிக்காலுக்குள் செருப்பு

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. கொடி சாமி மாதிரி. முதலாளியானாலும் வரப்பிலேயே கழற்றிவிட வேண்டும். முனியாயி முப்பது வருஷமாக அப்படித்தான் வெற்றிலை கிள்ளிவந்தாள்.

அவளுக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தவள், வீடு வீடாக வந்து மாத்திரை கொடுக்கும் பாக்கியமேரி. மாத்திரை இலவசம். பாதம் மரத்துவிட்டது என்று தெரிந்ததும் மெத்தென்று ஒரு ஜோடிச் செருப்பும் சர்க்கார் கொடுத்தது. குறை சொல்லக் கூடாது பாருங்கள், எல்லாம் வாசலுக்கே வந்தது.

முனியாயி அதைத் தெருவில் போட்டு நடந்தாள். கொடிக்கால் வந்ததும் கழற்றி வைத்தாள். பகல் முழுக்க வேலை உள்ளேதானே.

ஒருநாள், கொடி படர நட்ட அகத்தி மரத்தின் சிம்பு காலில் குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை. வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. பாக்கியமேரி கட்டுப் போட்டு, இனி வெறுங்காலோடு வேலைக்குப் போனால் கால் தங்காது என்று சொன்னாள். முனியாயி சும்மா சிரித்தாள்.

பாக்கியமேரி கொடிக்கால்காரர் காசிமாயனைத் தேடிப் போனாள். அவருக்கும் சர்க்கரைதான், அதே மாத்திரைதான். வரப்பில் நாற்காலி போட்டு, அதே மாதிரிச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். கொடிக்காலுக்குள் அவர் கால் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. நல்ல மனுஷன். முனியாயி மட்டும் போட்டுக்கொள்ளட்டும் என்றார்.

மாட்டேன் என்றது முனியாயிதான்.

"மொதலாளி சொல்லுவாக தாயி. நாளைக்கு ஒரு கொடி வாடுனா எல்லாரும் எங்காலத்தான பாப்பாக? பெறகு எந்தக் கொடிக்கால்ல என்னையக் கூப்புடுவாக?"

"கால் போனா மட்டும் கூப்புடுவாகளாக்கா?"

"அது வரைக்கும் கூப்புடுவாகல்ல."

புண்ணில் துணியைச் சுற்றிக்கொண்டு போனாள். பதினெட்டு நாள் போனாள். பத்தொன்பதாம் நாள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் பைசா செலவில்லை.

மாசக் கடைசியில் பாக்கியமேரி அறிக்கை எழுத உட்கார்ந்தாள். முனியாயி பெயருக்கு நேரே, செருப்பு வழங்கப்பட்டதா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினாள். என்ன வேலை செய்கிறார் என்று கேட்க அந்தத் தாளில் கட்டமே கிடையாது. ஓரத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், 'கொடிக்காலில் செருப்புப் போட மாட்டார்கள்' என்று பொடி எழுத்தில் எழுதி வைத்தாள். யார் படிப்பார்களோ.

அடுத்த பெயர் ஒச்சம்மாள். அவளும் வெற்றிலை கிள்ளுகிறவள்தான். அவளுக்கும் பாதம் மரத்திருக்கிறது, புண் இன்னும் வரவில்லை. ஒரு ஜோடி வேண்டும் என்று பாக்கியமேரி எழுதினாள்.