பழைய நிலை

ஊருக்கெல்லாம் கிழிசல் தைத்துக் கொடுத்தவளுக்குத் தன் வீட்டுக் கூரையின் கிழிசலைத் தைக்க வழி தெரியவில்லை. தாத்தா காலத்து ஓட்டுக் கட்டடம், முன்பக்கம் தையல் கடை, பின்பக்கம் வீடு. பின்னறையில் அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்தான். நுரையீரல் கெட்டுப்போன உடம்பு, ஈரம் பட்டால் மூச்சு இழுக்கும். மழை வந்தால் ஒழுகாத இடம் தேடிக் கட்டிலை மூலைக்கு மூலை தள்ளுவாள். "அடுத்த ஸ்டாப்பிங் எது கண்டக்டரம்மா?" என்று அவன் கேலி பண்ணுவான்.

பழம்பெருமை உள்ள கட்டடங்களைப் பழுதுபார்க்க அரசாங்கம் மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு, அண்ணன்தான் படுத்தபடியே விண்ணப்பம் போட்டான். அதிகாரி வந்தார். வாசலில் நின்று, கதவு நிலையில் கையை ஊன்றியபடி, முதலில் கைக்காசு போட்டு வேலையை முடியுங்கள், மானியம் பின்னால் வரும் என்றார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. பழைய நிலைய மட்டும் மாத்திடாதீங்க. அதுதான் முக்கியம்."

கை இருந்தது கதவு நிலையின் மேல். அவள் வேறென்ன நினைப்பாள்? அந்த நிலையைக் கரையான் பாதி தின்றிருந்தது. புதிதாக வைத்தால் செலவு பாதிதான் என்று தச்சர் தலையில் அடித்துக்கொண்டார். முடியவே முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். கடன் வாங்கி, அரித்ததைச் செதுக்கி, ஒட்டுப் போட்டு நிலையை நிமிர்த்தினார்கள். கூரையில் விரிசல் விட்ட ஓடுகளை இறக்கிவிட்டுத் தகரம் போட்டார்கள். அதற்கப்புறம் பெய்த மழையில் அண்ணன் ஒரே இடத்தில் படுத்துத் தூங்கினான்.

அதிகாரி மறுபடி வந்தார். தெருவில் நின்றே அண்ணாந்து பார்த்தார், முகம் சுண்டிப்போயிற்று. பழைய நிலை என்றால் கட்டடம் முன்பு இருந்த நிலை, கூரையும் அதில் சேர்த்திதான், இதுகூடத் தெரியாதா என்றார். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது அவள் குற்றமா? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பேசியது யார்? 'கூரை' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

பெரிய மனசு பண்ணி அவர் ஒரு வழி சொன்னார். தகரத்தைக் கழற்றிவிட்டு, இறக்கிய அதே ஓடுகளை ஏற்றிவிட்டால் மானியம் உண்டு.

"மறுபடி ஒழுகுமே சார். உள்ள சீக்காளி இருக்காரு."

"ஒழுகட்டும்மா. நாங்க பாக்குறது கட்டடத்த."

உள்ளேயிருந்து அண்ணன், கடனை நினைத்துப் பார், கழற்றிவிடு, நான் சமாளித்துக்கொள்வேன் என்றான். சொல்லி முடிப்பதற்குள் இருமல் அவனைப் பிடித்துக்கொண்டது. கடன்காரன் அடுத்த மாதம் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவான் என்பது அவளுக்கும் தெரியும்.

அப்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அதிகாரி கையிலிருந்த ஃபைலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியேறி ஓடிவந்தார். விடும்வரை உள்ளே நின்றுகொள்கிறேனே என்றார்.

அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

"வராதீங்க சார். இது நீங்க கழட்டச் சொன்ன கூரை."

மானியம் அத்தோடு போயிற்று என்று தெரிந்துதான் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள்.