அட்டையில் எழுத ஒரு பெயர்

ஐரோப்பாவில் பதினொரு நாடுகளில் ஓடிய தொலைக்காட்சி விளையாட்டு, யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் இரண்டு கிழமைகூட ஓடவில்லை. முதல் நிகழ்ச்சி காரைநகரில் படுத்தது. இரண்டாவது நயினாதீவில் படுத்தது. மூன்றாவதைத் தன் சொந்த ஊரான புங்குடுதீவில் எடுத்துக் காட்டுவதாகத் தயாரிப்பாளர் துஷாந்தினி தொலைக்காட்சிப் பணிப்பாளருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். “இதுவும் சரிவராட்டி நிகழ்ச்சியும் இல்லை, உமக்கு வேலையும் இல்லை” என்று அவர் சொல்லிவிட்டார்.

விளையாட்டு என்னவோ சுலபம்தான். ஒரே ஊர்க்காரர் ஆறு பேர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சுற்று முடிந்ததும், யார் வெளியேற வேண்டும் என்று ஆளுக்கொரு அட்டையில் எழுதி, முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, காரணமும் சொல்ல வேண்டும். கூடுதலாக எழுதப்பட்டவர் போய்விடுவார். மற்றவர்கள் கைதட்டி வழியனுப்புவார்கள். அங்கே அழுவார்களாம், கத்துவார்களாம், சனம் வாய் பிளந்து பார்க்குமாம். இங்கே ஆறு பேரும் தங்கள் தங்கள் பெயரையே எழுதினார்கள். திருப்பி எழுதச் சொன்னாலும் அதேதான். “நான் போறன், அவை இருக்கட்டும்” என்று ஒருவர் எழும்ப, மற்றவர் கையைப் பிடித்து இருத்த, கலியாணவீட்டுப் பந்தி மாதிரி ஆகிவிட்டது.

பணிப்பாளர் வெளிச்சம் காணாது என்றார், அறிவிப்பாளர் சரியில்லை என்றார். துஷாந்தினிக்கோ உண்மைக் காரணம் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய ஏலாததுதான் அவளுடைய கஷ்டம். குறிகட்டுவான் துறைக்குப் போகும் பேருந்தில் ஒரே சீற்றில் இருந்து போகிறவர்கள், ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் பந்தல் போடுகிறவர்கள், ‘இவர் வேண்டாம்’ என்று எழுதிக் காட்டுவார்களா? பத்து வருடம் பேசாமல் இருக்கிறவர்கள்கூட அதை எழுத்தில் தரமாட்டார்கள்.

ஆனாலும் வேலை போகப்போகிறதே. படப்பிடிப்பன்று காலை, சனசமூக நிலையத்தில் ஆறு பேரையும் கதிரைகளில் இருத்தி, வெட்கத்தை விட்டுக் கெஞ்சினாள்.

“மாமா, உங்கட பேரை மட்டும் எழுதாதேங்கோ. வேற ஒரு பேர். விளையாட்டுத்தானே.”

தியாகலிங்கம் மாமா ஓய்வுபெற்ற தபாலதிபர். ஆறு பேரில் மூத்தவர். “விளையாட்டுத்தான் பிள்ளை. ஆனா நான் சிவக்கொழுந்தின்ர பேரை எழுதிப்போட்டு, அவவின்ர பேத்தி பெரியபிள்ளையானதுக்கு வைக்கிற சாமத்தியவீட்டுக்கு எந்த முகத்தோட போறது?”

பக்கத்தில் இருந்த சிவக்கொழுந்து மாமி, “எழுதுங்கோ அண்ணை, நான் ஒண்டும் நினைக்கமாட்டன்” என்றாள். சொன்ன விதத்திலேயே தெரிந்தது, நினைப்பாள் என்று.

“எழுதாட்டி என்ர வேலை போயிடும் மாமா” என்றாள் துஷாந்தினி.

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்பிடியெண்டா எழுதத்தான் வேணும்” என்றார் மாமா. “நீ போ பிள்ளை. நாங்கள் பாத்துக்கொள்ளுறம்.”

முதற்சுற்று அருமையாகப் போனது. முன்பள்ளி ஆசிரியை வினோஜா மணியை அடித்து அடித்துப் பதில் சொன்னாள். நேரில் வந்திருந்த பணிப்பாளர்கூடக் கடைசிக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அறிவிப்பாளர் அட்டைகளைக் கொடுத்தார். ஒருவரும் தயங்கவில்லை. ஆறு பேனாக்களும் ஒரேயடியாக ஓடின. கமராவுக்குப் பின்னால் நின்ற துஷாந்தினி, நயினாதீவு அம்மாளுக்கு வைத்த நேர்த்திக்கடன் வீண்போகவில்லை என்று நினைத்தாள்.

மாமா முதலில் அட்டையைத் தூக்கினார். ‘துஷாந்தினி’ என்று எழுதியிருந்தது. மாமியின் அட்டையிலும் துஷாந்தினி. வினோஜாவின் அட்டையிலும் அதே. ஆறிலும் அவள்தான்.

அறிவிப்பாளர் திகைத்துப்போய்க் காரணம் கேட்டார்.

“அவ எங்கட பிள்ளை” என்றார் மாமா, கமராவைப் பார்த்து, பெருமையாக. “அவவை எழுதினா அவ கோவிக்கமாட்டா. வேற ஆரை எழுதினாலும் மனவருத்தம் வரும்.”

பணிப்பாளர் எழுந்தார். கதிரையை ஓரமாக வைத்துவிட்டு வாகனத்தை நோக்கி நடந்தார். துஷாந்தினி அவர் பின்னால் ஓடவில்லை. கோபப்படலாம் என்றால், யார் மேல் படுவது? அழுகைதான் வந்தது. அதையும் அழ விடாமல் ஆறு முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

“நீ சொன்ன மாதிரி வேற பேர்தான் எழுதினனாங்கள்” என்றாள் சிவக்கொழுந்து மாமி. “இனி உன்ர வேலைக்கு ஒண்டும் வராதுதானே?”

“ஓம் மாமி” என்றாள் துஷாந்தினி. “வராது.”

அவள் வாசலைப் பார்க்கத் திரும்பியதும், விதிப்படி ஆறு பேரும் கைதட்டினார்கள்.