பதினான்கு மூட்டைகளும் ஒரு பொய்யும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை குப்பையிலிருந்து வந்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை, பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்த, நாறுகிற குப்பை. என் வீட்டில் அப்படிப் பதினான்கு மூட்டை சேர்ந்திருந்தது. கதையில் எனக்கு யூ-ஷெங் என்று பெயர் வைத்திருக்கிறேன். வேறொருவன் வீடு என்றால் கொஞ்சம் தாராளமாக நாற வைக்கலாம்.

தொடக்கம் ஒன்று: "கீலுங்கில் அன்று மழை பெய்துகொண்டிருந்தது." (அடித்துவிட்டேன். தைவானின் இந்த மழைத் துறைமுகத்தில் மழை பெய்யாத நாளைப் பற்றி எழுதினால்தான் கதை.)

தொடக்கம் இரண்டு: "அவன் மனம் ஓர் இருண்ட குகையாக..." (வேண்டாம். அவன் படுத்துக் கிடந்த மூன்று வாரமும் அறையில் ட்யூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. எழுந்து அணைக்க முடியவில்லை.)

தொடக்கம் மூன்று, இதையே வைத்துக்கொள்கிறேன்: ஒரு திங்கட்கிழமை யூ-ஷெங் குப்பை வண்டியைத் தவறவிட்டான்.

2.

எங்கள் வண்டி மாலை ஐந்தரைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு சந்து முனைக்கு வரும். அவரவர் மூட்டையை அவரவரே கொண்டுபோய் வீச வேண்டும். சந்து முழுவதும் அங்கே நிற்கும், யார் வீட்டில் என்ன தின்றார்கள் என்பது வரை தெரிந்துவிடும். திங்கள் தவறினால் செவ்வாய் இரண்டு மூட்டை. இரண்டு மூட்டையோடு போனால் நான்கு பேர் விசாரிப்பார்கள். அதற்குப் பயந்து அவன் செவ்வாயும் போகவில்லை. அப்புறம் மூன்று மூட்டையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

காரணம் கேட்காதீர்கள். வீட்டிலிருந்தே படங்களுக்கு வசன வரிகள் எழுதுகிற வேலை, அது இருந்தது. யாரும் சாகவில்லை, யாரும் விட்டுப் போகவில்லை. தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சொல்ல அவனுக்கு ஒருவருமே... (இந்த வாக்கியம் பொய், பாதியில் நிறுத்திவிட்டேன். ஆட்கள் இருந்தார்கள். அவனுக்குத்தான் வாய் வரவில்லை.)

3.

பெய்-ஜுன் கீழ்வீட்டுக்காரி. துறைமுகத்தில் லாரிகளை எடை போடுகிற வேலை. முதலில் "அவள் கனிவோடு கதவைத் தட்டினாள்" என்று எழுதி அவளிடமே படிக்கக் கொடுத்தேன்.

"கனிவா? யாரு, நானா? கரப்பான், அண்ணே. உங்க வீட்டுலேர்ந்து படை படையா இறங்கிச்சு. சண்ட போடத்தான் வந்தேன்."

திருத்திய வடிவம் இது.

"அண்ணே, கதவத் திறங்க."

"உடம்பு சரியில்ல."

"ஒரு இருமல்கூடக் கேக்கல. புளுகாதீங்க."

அவள் போகவில்லை. கதவிடுக்கில் வந்த நாற்றத்திலேயே அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், குரல் இறங்கியது.

"எத்தன மூட்டை?"

எப்படி இருக்கீங்க என்று கேட்டிருந்தால் நல்லா இருக்கேன் என்றிருப்பான். இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

"பதினாலு."

"சரி. நீங்க ஏழு, நான் ஏழு. வண்டி வர அர மணி இருக்கு, செருப்ப மாட்டுங்க."

கதவைத் திறந்தான். அவன் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய காரியம் எதையும் செய்ததில்லை. அவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

4.

சந்து முனையில் மீன் உருண்டைக் கடைக்காரர் த்ஸாய் மூட்டைகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னப்பா, வீடு மாத்துறியா?"

"ஆமாண்ணே."

(பெய்-ஜுன் முறைத்தாள். அதை எழுதக்கூடாது என்கிறாள். எழுதிவிட்டேன்.)

மறுநாள் வாசலில் நான்கு காலி அட்டைப்பெட்டிகள், மீன் வாசனையோடு. அதற்கு மறுநாள் யாரோ ஒட்டுநாடா வைத்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு வெய் அக்கா அன்னாசிக் கேக் கொண்டுவந்து, "போற இடத்துல நல்லா இருப்பா" என்று கண் கலங்கினாள். அதுவரை அவளும் அவனும் நான்கு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

"இனிமே நிஜமாவே வீடு மாத்த வேண்டியதுதான்" என்றாள் பெய்-ஜுன். "நான் சொல்லிடவா அவங்ககிட்ட?"

"வேணாம். நானே சொல்றேன்."

5.

வெள்ளிக்கிழமை ஒரே ஒரு மூட்டையோடு போனான், பெய்-ஜுனும் கூட வந்தாள். பாட்டுச் சத்தத்தை மீறிக் கத்த வேண்டியிருந்தது.

"நான் எங்கயும் போகல. அன்னிக்குப் பொய் சொன்னேன். மனசு சரியில்லாமப் போச்சு. மூணு வாரமா படுக்கைய விட்டு எழுந்திருக்க முடியல."

எல்லோரும் ஓடிவந்து அவனைக் கட்டி... (சத்தியமாக இல்லை. எங்கள் சந்தில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை.) த்ஸாய் தன் மூட்டையை வீசிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டரப் பாத்தியா?"

"இல்லண்ணே."

"ஸ்டேஷன் பக்கம் ஒருத்தர் இருக்காரு, என் மச்சான் அவர்கிட்டதான் போறான். வியாழக்கிழம போ, கூட்டம் இருக்காது. பெட்டிங்கள மட்டும் திருப்பிக் குடுத்துரு."

வெய் அக்கா குடையைச் சற்று இறக்கிப் பிடித்திருந்தாள். "நான் நாலு வருஷமா மாத்திரை போடுறேன்" என்றாள். "இங்க யாருக்கும் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சிடுச்சு" என்றார் த்ஸாய். அவள் சிரித்துவிட்டாள். வண்டி போய்விட்டது, வெறுங்கையோடு நாங்கள் நான்கு பேர் மழையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். (நாங்கள் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், யூ-ஷெங் கோபித்துக்கொள்ள மாட்டான்.)

6.

முடிவு அ: அவன் முற்றிலும் குணமானான்.

முடிவு ஆ: வியாழக்கிழமைகளில் மருத்துவரிடம் போனான், மெல்ல மெல்ல எல்லாம் கடந்துபோனது.

இரண்டையும் பெய்-ஜுனிடம் காட்டினேன். என் பேனாவையே வாங்கி இரண்டையும் அடித்தாள்.

"முடிஞ்சிடுச்சுன்னு எழுதாதீங்கண்ணே. அப்படி எழுதிட்டா அடுத்த தடவ வந்து சொல்ல வெக்கப்படுவீங்க."

எனவே முடிவு எழுதவில்லை. வியாழக்கிழமைகளில் போகிறேன் என்பது மட்டும் உண்மை. மறுபடி ஒருநாள் எழுந்திருக்க முடியாமல் போனால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. படியிறங்கிப் போய் அவள் கதவைத் தட்டினேன் என்று நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியது பொய்யாகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.