கால்மிதி மேல் கால்மிதி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் ரேடியோவில் பேசுவேன். காரையும் வீட்டையும் பற்றி. ஏழு வருஷமாக. குழாய் சொட்டினாலும், மழையில் கதவு உப்பிக்கொண்டு மூட மறுத்தாலும், காலையில் கார் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தாலும் ஜனங்கள் எனக்குப் போன் போடுவார்கள். மூன்று கேள்வி கேட்பேன், பதிலைச் சொல்லிவிடுவேன். "எதுக்கும் ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க" என்று நழுவுகிற ஆள் நான் இல்லை. அதைச் சொல்ல எதற்கு ஒரு ரேடியோ?

ஒவ்வொரு வாரமும் ஒரு ஊர்க்கதையோடுதான் ஆரம்பிப்பேன். ஊரை விட்டு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, கதை மட்டும் தீரவில்லை. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் அம்மா அதற்கு ஒரு மூடி போட்டுவிடுவாள். சோபாவுக்கு உறை, உறைக்கு மேல் துண்டு. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் கவர். வாசலில் நல்ல கால்மிதி, அது அழுக்காகக் கூடாது என்று அதன் மேல் பழைய கால்மிதி. அந்த நல்ல கால்மிதியை நாங்கள் யாரும் ஒரு நாள்கூட மிதித்ததில்லை. இதையெல்லாம் நான் சொல்லும்போது கேட்கிறவர்கள் உருகிப்போகிறார்கள் என்று தயாரிப்பாளர் சொல்வார். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியாது.

ஒரு புதன்கிழமை அண்ணி போன் செய்தாள். குரலே சரியில்லை.

"உங்க அண்ணன் காரை நம்ம கேட் தூண்ல இடிச்சுட்டார். பத்து நாளாச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா பிரேக்னு நினைச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சுட்டேன், வயசாயிடுச்சுன்னு அவரே எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கார்."

"யாரு? அண்ணனா?"

"ஸ்கூல் முதலாளி இனிமே வர வேண்டாம்னுட்டார். திங்கட்கிழமை புது ஆள் வர்றாராம். இவரும் சரின்னு தலையாட்டிட்டு வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்துட்டார். கார் சாவியை என் கையில குடுத்துட்டார். சாப்பாடும் சரியா இறங்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அண்ணன் முப்பத்துநாலு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரில் அவருக்குப் பெயரே பிரேக் வாத்தியார். "முதல்ல நிறுத்தக் கத்துக்கோ, ஓட்டுறதை அப்புறம் பார்க்கலாம்" என்று முதல் மூன்று நாள் பிரேக்கைத் தவிர வேறெதையும் தொட விடமாட்டார். அந்த மனுஷன் பெடலை மாற்றி மிதித்தாராம்! யார் காதில் பூ சுற்றுகிறார்?

வெள்ளிக்கிழமை காலையில் காரை எடுத்தேன். ஐந்து மணி நேரம். வழி முழுக்க அவரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

ஊருக்குள் நுழைந்ததும் ரேடியோவில் நான் சொல்கிற ஊரைக் காணோம். ஒருவழிப் பாதைகள், புதுக் கடைகள், ஒரு தெரு சுத்தமாக வேறு தெருவாகியிருந்தது. ஆனால் தபால் நிலையத்துச் சரிவில் என் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. ஒரு காலத்தில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது அங்கேதான் அண்ணன் பக்கத்து சீட்டிலிருந்து கத்துவார். கண் கலங்கியது. ஐம்பத்துநாலு வயசில் ஒரு சரிவுக்காக அழுகிறோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கேட் தூண் பாதி பெயர்ந்து கம்பி தெரிந்தது. வாசலில் கால்மிதி மேல் கால்மிதி அப்படியே கிடந்தது. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் பத்து வயசு கூடிப்போயிருந்தது.

"பிரேக் எது, ஆக்சிலரேட்டர் எதுன்னு மறந்துபோச்சா உனக்கு?" என்றேன். எங்கள் வீட்டில் நலம் விசாரிப்பதே இப்படித்தான்.

"மறந்துபோச்சு. அறுபத்தொண்ணு ஆச்சுல்ல."

"என்ன வேகத்துல வந்தே? கால் எங்க இருந்துச்சு? மிதிச்சப்போ பெடல் எப்படி இருந்துச்சு?"

"இது உன் ரேடியோ இல்ல. போய்க் காபி குடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு முழுசாகச் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே தப்பு செய்தவர் இந்நேரம் நூறு காரணம் சொல்லியிருப்பார். இவர் பிடியே கொடுக்கவில்லை. அண்ணியிடம் சாவியை வாங்கிக்கொண்டு காரைத் திறந்தேன். பிரேக் ஆயில் சரியாக இருந்தது. பிரேக் பெடல் கல் மாதிரி கெட்டியாக நின்றது. ஆக்சிலரேட்டரை அமுக்கிக் காலை எடுத்தால் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. மெக்கானிக்கும் வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தாராம்.

அப்புறம் தரையைப் பார்த்தேன். பின் சீட்டில் இரண்டு பக்கமும், முன்னால் இடது பக்கமும், காரோடு வந்த மேட், அதன் மேல் புதிதாக ஒரு ரப்பர் மேட். ஓட்டுகிறவர் காலடியில் மட்டும் ஒன்றுதான். எங்கள் வீட்டில் ஒரு பொருளுக்கு மூடி இல்லையென்றால் அதை யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"அண்ணி, நாலாவது ரப்பர் மேட் எங்க?"

"நாலும் சேர்த்துத்தானே வாங்கினார். அங்கதான் இருக்கும், நல்லாப் பாரு."

அங்கே இல்லை. கொல்லையில், பழைய பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், சுருட்டிக் கயிறு கட்டி ஒளித்து வைத்திருந்தது. ஒரு மேட்டை யாராவது ஒளித்து வைப்பார்களா? பிரித்துப் பார்த்தேன். முன் விளிம்பில் ஆக்சிலரேட்டரின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. கொண்டுபோய் மற்ற மேட்டின் மேல் விரித்து, உட்கார்ந்து, காலை இரண்டு தடவை தேய்த்தேன். ரப்பர் வழுக்கி முன்னால் நகர்ந்தது. பிரேக்குக்கு அடியில் மடங்கி முட்டுக் கொடுத்தது. விளிம்பு ஆக்சிலரேட்டர் மேல் ஏறி அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. அண்ணன் சரியான பெடலைத்தான் மிதித்திருக்கிறார். அது பாதிதான் இறங்கியிருக்கும். கார் அது பாட்டுக்குப் போயிருக்கும்.

மேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். குதிக்காத குறை.

"கண்டுபிடிச்சுட்டேன்! உன் மேல ஒரு தப்பும் இல்ல! எந்த மடையன் உனக்கு மேட் மேல மேட் போடச் சொன்னான்?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணிதான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன இப்படிக் கேக்கறே? நீதானே சொன்னே? மழை ஆரம்பிச்சப்போ ரேடியோல சொன்னியே. அத்தையோட கால்மிதி கதையைச் சொல்லிட்டு, கார்லயும் இப்படியே ஒண்ணு மேல ஒண்ணு போடுங்க, உள்ள இருக்கறது நனையாதுன்னு. இவர் அன்னிக்கு சாயங்காலமே போய் வாங்கிட்டு வந்துட்டார்."

சொன்னேன்தான். கதை இனித்தது, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். சொல்லுமுன் ஒரு தடவை போட்டுப் பார்த்தேனா? இல்லை. அம்மாவின் வாசலில் பெடல் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"உனக்கு இது எப்போ தெரியும்?" என்றேன் அண்ணனிடம்.

"இடிச்ச உடனேயே. குனிஞ்சு பார்த்தேன்ல."

"பின்னே ஏன் சொல்லல?"

"ஊரே உன் பேச்சைக் கேக்குது. பிரேக் வாத்தியார் தங்கச்சி பேசறான்னு பெருமையாச் சொல்றாங்க. எனக்கு வயசாச்சுன்னா எல்லாரும் நம்பிடுவாங்க, அதோட முடிஞ்சுது. நீ சொன்னது தப்புன்னு ஆனா அப்புறம் உன்னை யார் கேப்பாங்க?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. வழக்கம்போல் கோபம்தான் முந்திக்கொண்டது.

"உனக்கு என் மேல உயிருன்னு தெரியும், அதுக்காக இப்படியா? எத்தனை கார்ல இப்போ மேட் மேல மேட் கிடக்கோ! அதுல ஒருத்தன் தூணுக்குப் பதிலா ஆள் மேல ஏத்தினா? பிரேக் வாத்தியார், சொல்லு!"

"அதை நான் யோசிக்கல" என்றார் மெதுவாக. "உன்னை மட்டும்தான் யோசிச்சேன்."

ஞாயிறு வரை காத்திருக்க முடியுமா? அன்றைக்கே தயாரிப்பாளரைப் பிடித்து, செய்தி முடிந்ததும் எச்சரிக்கையைப் படிக்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு ஹாலில் இருந்தே போனில் நிகழ்ச்சியை நடத்தினேன்.

"இன்னைக்கு ஊர்க்கதை கிடையாது. ஆறு வாரத்துக்கு முன்னாடி மேட் மேல மேட் போடுங்கன்னு சொன்னேன். அது தப்பு. நான் போட்டுப் பார்க்காமலே சொன்னேன். இப்பவே எழுந்து போய் மேல இருக்கறதை எடுத்துடுங்க. ஒரு மேட் போதும், அது நகராம கொக்கியில மாட்டியிருக்கான்னு பாருங்க. நான் சொன்னதைக் கேட்டு ஒருத்தர் கார் தூண்ல மோதிச்சு. அவர் முப்பத்துநாலு வருஷமா பிரேக் சொல்லிக் குடுக்கறவர். அவர் பிரேக்கைத்தான் மிதிச்சார். வயசும் இல்ல, மறதியும் இல்ல. என் வாய்தான் காரணம். அவர் என் அண்ணன்."

முதல் அழைப்பே டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடமிருந்து; போன் ஸ்பீக்கரில் ஹால் முழுக்கக் கேட்டது. "மேடம், எங்க நாலு கார்லயும் அப்படித்தான் போட்டு வச்சிருக்கேன். இப்பத்தான் எடுத்துட்டு வர்றேன். வாத்தியாரை நாளைக்கு எட்டு மணிக்கு வரச் சொல்லுங்க. புது ஆள்கிட்ட நான் பேசிக்கறேன்."

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் நாற்காலியில் இல்லை. அண்ணி வாசலைக் காட்டினாள்.

நிகழ்ச்சியை முடித்துவிட்டு வெளியே ஓடினேன். என் காரின் கதவு திறந்திருந்தது. அண்ணன் என் காலடி மேட்டுக்கு மேலே கிடந்த ரப்பர் மேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஊருக்கெல்லாம் எடுக்கச் சொன்னேன். அன்றைக்கு ரேடியோவில் சொன்ன கையோடு மழைக்கு நானும் என் காரில் போட்டதைச் சுத்தமாக மறந்திருந்தேன்.

"அஞ்சு மணி நேரம் இதுலயா வந்தே?" என்றார். மேட்டை வீசி எறிந்தார். அண்ணியிடம் திரும்பி, "என் சாவியைக் குடு, நாளைக்கு வேலை இருக்கு" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, முப்பது வருஷத்துக்கு முந்தைய அதே குரலில் அதட்டினார்.

"ஏறு. உட்காரு. எங்கே, பிரேக்கை மிதி பார்ப்போம்."

ஏறி உட்கார்ந்து மிதித்தேன்.

"இன்னொரு தடவை" என்றார்.